குளம் கேட்ட பாடம்

பாசிக்குளத்தை ஒட்டி ஒரு காடு. அந்தக் காட்டில் பனிமூட்டம் விலகவே விலகாது. உச்சிவெயில் நேரத்தில்கூடப் பக்கத்தில் நிற்பவன் முகம் பாதிதான் தெரியும். அதற்குள்ளேதான் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது.

அங்கே பொடிச்சி என்று ஒரு சருகுமான் குட்டி படித்தாள். சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். குச்சிக் கால், சின்னக் குளம்பு. காய்ந்த இலைகளுக்கு நடுவே நின்றால் இலையா மானா என்று கண்டுபிடிக்க முடியாது.

பாடம் நாலு. மோப்பம், ஓட்டம், அசையாமல் நிற்பது, மரமேற்றம். யாருக்கு எது வரும், எது வராது என்ற பேச்சே கிடையாது. தலைமையாசிரியர் இருவாச்சிப் பறவை. "எல்லாரும் எல்லாத்தையும் படிக்கணும்" என்று சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சிறகு இருக்கிறது.

குளம்பை வைத்துக்கொண்டு மரம் ஏறு என்றால் எப்படி ஏறுவது? பொடிச்சி ஏறினாள். சாய்ந்து கிடந்த நாவல் மரத்தில் முட்டியைத் தேய்த்துத் தேய்த்து முதல் கிளை வரைக்கும் போனாள். அங்கிருந்து தொப்பென்று விழுந்தாள். மறுநாளும் ஏறினாள், மறுநாளும் விழுந்தாள். அவள் அம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"நம்ம கூட்டத்துல மரம் ஏறின மொத ஆளு எம் மகதான்" என்று எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். விழுந்ததை மட்டும் சொல்லவில்லை.

பொடிச்சிக்கு உடம்பு முழுக்க வலி. மரமேற்றம் முடிந்தால் ஓட்டம். ஓடி முடித்தால் மோப்பப் பாடம். வீட்டுக்கு வந்தால் இலை இலையாக மோந்து பார்த்து, எந்த வழியாக யார் போனார்கள் என்று மனப்பாடம் பண்ண வேண்டும். வாயில் வைத்த இலையை மெல்லாமலே தூங்கிவிடுவாள். இப்படியே போனால் ஒருநாள் விழுந்த இடத்திலேயே கிடந்துவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு பாடத்தையாவது விட வேண்டும். எதை விடுவது?

பாடத்தை விடுவதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விடுகிறவர் தனியாகப் பாசிக்குளத்துக்குப் போக வேண்டும். தண்ணீரைப் பார்த்து, இன்ன பாடத்தை விட்டேன் என்று சொல்ல வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து "சரி" என்று ஒரு குரல் வரும். வந்துவிட்டால் அந்தப் பாடம் அதோடு முடிந்தது. அது யார் குரல் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இருவாச்சியைக் கேட்டால், "அது நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு" என்று மூக்கைத் தூக்கிக்கொள்வார்.

பொடிச்சியின் கூட்டாளி ஊசியன், முள்ளம்பன்றிக் குட்டி, மோப்பத்தை விட்டுவிட்டு வந்தான்.

"அப்பாடா, இப்பத்தான் மூச்சே வருது. நீயும் போயேன்" என்றான்.

கொஞ்ச நாள் சந்தோஷமாகத் திரிந்தான். அப்புறம் அவனைக் காணவில்லை. ஆனால் மறுநாள் காலையில் இருவாச்சி பெயர் கூப்பிட்டபோது பதில் வந்தது.

"ஊசியன்."

"உள்ளேன் ஐயா."

பொடிச்சி அவன் உட்காரும் இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் பனிதான் இருந்தது. குரல் அதற்கும் பின்னாலிருந்து, தரையோடு தரையாக வந்தது. மோப்பத்தை விட்ட மரநாய்க் குட்டியைக் கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா." அதே பாடத்தை விட்ட காட்டுக்கோழிக் குஞ்சைக் கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா." மூன்றும் ஒரே குரல்.

"ஒருத்தரும் லீவு இல்லை. ரொம்ப நல்லது" என்று இருவாச்சி சந்தோஷப்பட்டார்.

பொடிச்சிக்கு அது சரியாகப் படவில்லை. வேறு நாளாக இருந்தால் எழுந்துபோய்ப் பார்த்திருப்பாள். அன்றைக்கு அவளுக்குத் தூக்கம்தான் பெரிதாக இருந்தது.

அன்று மத்தியானம் மோப்ப வாத்தியார் கரடியிடம் போனாள். "ஐயா, என்னால முடியலை. எதை விடலாம்?" என்று கேட்டாள்.

கரடி மூக்கைச் சொறிந்தது. "ஒண்ணை விடு, தப்பே இல்லை. ஆனா எதைன்னு என்னைக் கேக்காதே. என் வகுப்புல இப்பவே ஆள் குறைஞ்சு போச்சு. நான் மோப்பத்தை விடாதேன்னுதான் சொல்வேன். அது எனக்காகச் சொல்றதா, உனக்காகச் சொல்றதான்னு எனக்கே தெரியாது."

அம்மாவிடம் கேட்டாள். "எதை வேணா விட்டுத் தொலை. மரமேற்றத்தை விட்டே, நான் வெளிய தலைகாட்ட முடியாது பாத்துக்கோ" என்றாள் அம்மா.

சரி, வீட்டிலும் தூங்க விடாத மோப்பத்தையே விடுவோம் என்று பொடிச்சி குளத்துக்குக் கிளம்பினாள்.

குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. பச்சைப் பாசி கரையோடு கரையாக மூடிக் கிடந்தது. ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. எருமைக்கு எரிச்சல் வரும் அளவுக்குக் கொசு இருக்க வேண்டிய இடம். ஒரு கொசுவும் இல்லை. பொடிச்சி வாயைத் திறப்பதற்குள் பாசி மெல்ல அசைந்தது.

"வா கண்ணு. ரொம்பக் களைச்சுப் போயிருக்கே. எந்தப் பாடம்?"

"மோப்பம்னு நினைச்சேன்."

"நல்ல முடிவு."

இவ்வளவு சீக்கிரம் நல்ல முடிவு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது. "ஓட்டத்தை விட்டா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தாள்.

"அதுவும் நல்லதுதான். எதுக்கு ஓடணும்? கால் வலிக்கும்."

"அசையாம நிக்கிறதை?"

"சும்மா நிக்கிறதெல்லாம் ஒரு பாடமா? விட்டுரு."

"அப்ப மரமேற்றம்?"

பாசி அசைவது நின்றது. "அதை மட்டும் விடாதே, தங்கம். நீ ஏறணும். நாவல் மரத்துல இன்னும் உசரமா ஏறணும். விழுந்தா விழுந்துட்டுப் போறே. சத்தம் கேட்டா நாங்கள்லாம் வந்து பாப்போம்ல."

பொடிச்சி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். மோப்பம் போனால் கிட்டே வருவது தெரியாது. ஓட்டம் போனால் தப்ப முடியாது. கால் ஒடிந்து மரத்தடியில் கிடந்தால் தேட வேண்டிய வேலைகூட இல்லை. இந்தக் குரலுக்குத் தன்மேல் என்ன அக்கறை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஊசியன் எங்க?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"உள்ளேன் ஐயா" என்றது குளம்.

காலையில் கேட்ட அதே குரல். பாசி இரண்டாகப் பிளந்தது. ஒரு மலைப்பாம்பு கரைமேல் தலையை வைத்தது. பிறகு உடம்பு வந்தது. வந்துகொண்டே இருந்தது.

பொடிச்சி ஒரே தாவலில் சருகுக் குவியலுக்குள் போய் அப்படியே நின்றாள். ஒரு காலைத் தூக்கியது தூக்கியபடி. கண்ணை இமைக்கவில்லை. பாம்பு பனிக்குள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. முதலில் ஊசியன் குரலில் கூப்பிட்டது. அவள் அசையவில்லை. அப்புறம் அவள் அம்மா குரலில் கூப்பிட்டது.

"பொடிச்சி, எங்கடி இருக்கே? எல்லாரும் வந்திருக்காங்கடி. மரம் ஏறிக் காட்டும்மா. அம்மா மானத்தைக் காப்பாத்தும்மா."

அம்மாவேதான். அந்த இழுப்பு, அந்தப் பெருமை எல்லாம் அப்படியே. பொடிச்சியின் கால் தானாக ஒரு அடி எடுக்கப் பார்த்தது. தொண்டை வரைக்கும் "அம்மா" வந்துவிட்டது. அப்போது மூக்கில் ஏதோ ஏறியது. அம்மாவிடம் எப்போதும் நெல்லிக்காய் வாடை இருக்கும். இங்கே அது இல்லை. ஊறிப் புளித்த ஈரச் சாக்கு வாடைதான் இருந்தது. பாம்பு பக்கத்தில் வந்தது, அவள் குளம்பை உரசிக்கொண்டு போனது, பனிக்குள் மறைந்தது.

வாடை நன்றாகத் தேய்ந்த பிறகு பொடிச்சி எடுத்தாள் ஓட்டம்.

பள்ளியில் வந்துதான் நின்றாள். நடந்ததையெல்லாம் எல்லார் முன்னாலும் சொன்னாள். இருவாச்சி நம்பவில்லை. கரடி எழுந்துபோய்க் குளத்தங்கரையை மோந்து பார்த்தது. சேற்றில் ஊசியனின் முட்கள் சிதறிக் கிடப்பதாகத் திரும்பி வந்து சொன்னது. அதைக் கேட்டுப் பொடிச்சி விக்கி விக்கி அழுதாள். மோப்பம் கஷ்டம் என்று அவளும்தானே அவனோடு சேர்ந்து புலம்பினாள்.

அழுது முடித்துவிட்டு, "ஐயா, நான் மரமேற்றத்தை விட்டேன்" என்று இருவாச்சியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். குளத்துக்குப் போகாமல் பாடத்தை விட்ட முதல் ஆள் அவள்தான். அதற்கப்புறம் யாரும் குளத்துக்குப் போகவில்லை.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஊர்ல கேட்டா நான் என்ன சொல்வேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் முழுக்க மகளோடு பேசவில்லை. பொடிச்சி அவள் பக்கத்தில் படுத்தாள். ரொம்ப நாளுக்கப்புறம் வாயில் வைத்த இலையை முழுசாக மென்று தின்றாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அம்மா மெல்லத் திரும்பி, தேய்ந்து புண்ணாகிக் கிடந்த மகளின் முட்டியை முதல் தடவையாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தப் புண்ணை நக்கிக் கொடுத்தாள்.

சுமை தாங்கவில்லை என்றால் ஒன்றை இறக்கி வைப்பதில் தப்பே இல்லை. ஆனால் எதை இறக்குவது என்று, நீ விழுந்தால் வயிறு நிறைகிறவனிடம் மட்டும் யோசனை கேட்கக் கூடாது.