ஸ்கேனர் விட்டுவிட்ட தாள்

சத்தியம்! கற்பூரம் கொண்டு வாருங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பல்லும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும்.

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதன் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. துறவுக்கு வருமுன் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். அவருக்கு வாய்த்த சீடருக்கோ அறுபத்தாறு. குரு சீடரை ‘ஐயா’ என்பார். சீடர் குருவைச் ‘சுவாமி’ என்பார்.

அங்கே ஒரு வழக்கம். தங்க வருகிறவர்கள், யாரிடமும் சொல்ல முடியாமல் மனசுக்குள் வைத்திருக்கும் ஒரு காரியத்தை ஒரே தாளில் எழுதித் தகரப் பெட்டிக்குள் போட வேண்டும். அதை மனிதர்கள் யாரும் படிக்க மாட்டார்கள். பூச்சிகள் படித்தன. அத்தனை பேர் பாவத்தையும் தின்று ஒவ்வொரு பூச்சியும் கட்டைவிரல் தண்டிக்கு ஊதிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காதை வைத்தால் பெட்டிக்குள்ளிருந்து ஏப்பம் கேட்கும். நானே கேட்டிருக்கிறேன்.

மிச்சத் தாளையாவது காப்பாற்றலாம் என்று குரு ஒரு ஸ்கேனர் வாங்கிவந்தார்.

“ஐயா, எல்லாத் தாளையும் ஸ்கேன் பண்ணிடுங்க. எதையும் படிக்க வேண்டாம். முடிஞ்சதும் தாளையெல்லாம் எரிச்சிடலாம்.”

முதல் நாளே ஒரு குரங்கு உள்ளே வந்து கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டுப் போனது. வந்த படத்தைக் கைரேகை தெரிந்தவர் ஒருவர் பார்த்து, வெளிநாட்டுப் பயணம் உண்டு என்றார். அது கிடக்கட்டும்.

சீடர் தாள்களைக் கட்டுக் கட்டாக வைத்தார். இயந்திரம் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டது. சாயங்காலம் வேலை முடிந்தது. முற்றத்தில் விறகு அடுக்கியாயிற்று. குரு கணினி முன்னால் உட்கார்ந்தார்.

“ஐயா, உள்ளே போனது இருநூத்திப் பதினொண்ணு. ஃபைல்ல இருநூத்திப் பத்துதானே இருக்கு?”

“வெத்துத் தாள் வந்தா மெஷினே விட்டுடும், சுவாமி. அப்படி ஒரு செட்டிங் இருக்கு.”

“இருக்கு. அதை நாமதான் போடணும்.”

குரு அந்தச் செட்டிங்கைத் திறந்து பார்த்தார்.

“பிரைட்னஸைக் கடைசி வரைக்கும் ஏத்தியிருக்கே?”

“தாளெல்லாம் பழுப்பு. அழுக்குத் தெரியக் கூடாதுன்னு...”

“மை தாங்கும், ஐயா. பென்சில் தாங்காது, வெத்துத் தாளாவே தெரியும்.”

குரு கட்டைப் புரட்டினார். பென்சிலில் எழுதிய தாள் ஒன்றே ஒன்று இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்தபடி நீட்டினார்.

“நான் படிக்கலை.”

சீடர் வாங்கிக்கொண்டார். இன்னும் ஒரு நாழிகை பொறுத்திருந்தால் தாளும் சாம்பல். கணினியிலும் இருக்காது, பெட்டியிலும் இருக்காது. அப்படித்தான் சீடர் திட்டம் போட்டிருந்தார்.

“மொட்டைக் கடுதாசி, சுவாமி.”

“ம்.”

“பக்கத்து வீட்டு அன்னலட்சுமி. என் மகளை வேண்டாம்னு சொன்ன இடத்துலயே அவளைப் பேசி முடிச்சாங்க. எனக்குப் பொறுக்கலை. அந்தப் பொண்ணைப் பத்தி இல்லாததை எல்லாம் எழுதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டேன். இடது கையால எழுதினேன், எழுத்து தெரியக் கூடாதுன்னு.”

“கல்யாணம்?”

“நின்னுபோச்சு.”

“அவ்வளவுதானா?”



“அவ அப்பா நியாயம் கேட்கப் போறப்ப என்னையே துணைக்குக் கூட்டிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டுல கடுதாசியைத் தூக்கிப் போட்டாங்க. அவர் கண்ணாடி எடுத்துட்டு வரலை. ‘நீங்க படிங்க சார்’னு என் கையில கொடுத்தார்.”

“படிச்சீங்களா?”

“படிச்சேன். சத்தமா.”

குரு ஸ்கேனர் மூடியைத் திறந்தார்.

“அவ இன்னும் அதே வீட்டுலதான் இருக்கா, சுவாமி. தனியா. ஊருக்குப் போனா, வாசல்ல நின்னு ‘மாமா, சாப்பிட்டாச்சா’ன்னு கேட்கிறா. இதுக்கு ‘வெத்துத் தாள்’ செட்டிங்கைப் போடாம வேற எதைப் போடுவேன்? நீங்களே சொல்லுங்க.”

குரு அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்தார். பிரைட்னஸை அடிமட்டத்துக்கு இறக்கினார். பிரிண்ட் எடுத்துச் சீடரிடம் கொடுத்தார். கன்னங்கரேல் என்றிருந்தது. மடிப்பு, கசங்கல், விரல் அழுக்கு எல்லாம் ஒரே கறுப்பு.

சீடர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். “இதுதான் சரி, சுவாமி! நான் இவ்வளவு கறுப்புதான். நான் மனுஷனே இல்லை. என்னை...” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மலையில் இருந்த மயிலெல்லாம் பதிலுக்கு அகவும் அளவுக்கு அழுதார்.

குரு அவர் ஓயும்வரை இருந்தார்.

“அழுங்க, வேண்டாங்கலை. ஆனா இதுலயும் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியலையே, ஐயா.”

அழுகை நின்றுவிட்டது.

குரு பிரைட்னஸை நடுவில் நிறுத்தினார். திரையில் எழுத்து வந்தது. சாதாரணப் பென்சில் எழுத்து. பன்னிரண்டு வரி. மூன்று இடத்தில் அழித்து எழுதியது. அதில் கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. நடந்தது மட்டும் இருந்தது. சீடர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்துபோயிற்று.

“சேமிங்க” என்றார் குரு, நாற்காலியை விட்டு எழுந்து.

சீடர் உட்கார்ந்தார். என்ன பெயரில் சேமிக்க வேண்டும் என்று திரையில் ஒரு கட்டம் கேட்டது. ‘தாள் 107’ என்று அடித்தார்.

“நூத்தி ஏழா கடுதாசி போட்டுச்சு?”

சீடர் அதை அழித்தார். ‘அன்னலட்சுமி’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். அடித்துவிட்டு, சரிதானே என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

“அது அடிபட்டவங்க பேரு, ஐயா. எழுதினவர் பேரைப் போடுங்க.”

சீடர் அதையும் அழித்தார். கட்டம் காலியாக இருந்தது. கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

பெயரைப் போட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த அறைக்குள் இருந்தது அவர்கள் இரண்டே பேர். குருவோ ஒருவர் சங்கதியை இன்னொருவரிடம் வாய் திறக்காதவர். பின்னே உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். வேண்டுமானால் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், எங்கேயோ காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், என் பேர் வேண்டாம்.