திண்டு வழக்கு

"நீங்களே என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களேம்மா!"

கோர்ட்டில் தீர்ப்பைக் கேட்டுவிட்டு நேரே வந்த செங்கோடன் வாசலிலேயே கத்தினான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பல வருஷமாக ஞானாம்பிகை அம்மாவிடம் பாடம் கேட்பவன், அவர் முன்னால் குரலை உயர்த்தியதே இல்லை.

அம்மா திண்டில் சாய்ந்திருந்தார். அவன் செய்த திண்டுதான். பஸ்ஸிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர். திண்டில் இடுப்புக்கு ஒரு குழிவு, பிடரிக்கு ஒரு மேடு, நடுவே முதுகு எதிலும் படாதபடி ஒரு பள்ளம். அதில் சாய்ந்தால்தான் உட்கார முடியும்.

அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தான். ஒரு மெத்தைக் கம்பெனி அதை அப்படியே காப்பியடித்தது. அதோடு விட்டதா? 'இது யாருக்கும் தோணுற விஷயம், காப்புரிமை செல்லாது' என்று வழக்கும் போட்டு, அம்மாவையே சாட்சிக்கு அழைத்தது. அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா!

"போச்சுங்கம்மா. ரத்து பண்ணிட்டாங்க. இனி அவன் ஊரெல்லாம் விப்பான். நான் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்."

அம்மா உட்காரச் சொல்லிக் கை காட்டினார்; அவன் உட்காரவில்லை.

"திண்டைப் பார்த்ததும் என்ன நெனச்சீங்கன்னு அவங்க வக்கீல் கேட்டான். 'அட, இவ்வளவுதானா'ன்னு நெனச்சேன்னு சொல்றீங்க! அதையே பிடிச்சுக்கிட்டாங்களே!"

"அப்படித்தானே நெனச்சேன்."

"அதுக்காக? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமில்ல?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாவம், முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

"இந்தத் திண்டை எடு" என்றார் அம்மா.

தயங்கித் தயங்கி உருவினான். அம்மா ஒரு பக்கமாகச் சரிந்தார். முகம் வெளுத்தது. அவன் பதறிப்போய்த் திரும்ப வைக்கப் போனான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது வர்றதுக்கு முந்தி இப்படித்தான் கிடந்தேன். எத்தனை டாக்டர் வந்தாங்க? எத்தனை தலையணையை மாத்தி மாத்தி வெச்சாங்க? அந்தக் கம்பெனி மெத்தையும்தான் வாங்கினோம். யாருக்காவது தோணுச்சா? வலிச்சது எனக்கு. எனக்கே தோணலையே, செங்கோடா."

அவன் திண்டைத் திரும்பச் செருகி அவரைச் சாய்த்தான்.

"ஐயோ! இதை ஏம்மா அங்கே சொல்லலை?"

"கேட்டாத்தானே சொல்ல முடியும்? கேக்கறதுக்குத்தான் உன் வக்கீல் எந்திரிச்சார்."

செங்கோடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"நீதான் அவர் கோட்டைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சே. என் குருவைக் கூண்டுல வெச்சுக் குறுக்குக் கேள்வி கேக்கறதான்னு."