பெனிட்டாவின் நெற்றி

எரோணிமுஸ் எங்கள் பங்கின் உபதேசியார். பாதி ஊருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். அப்படிப்பட்டவர், வியாழக்கிழமை விவிலிய வகுப்பில் முதல் பெஞ்சில் மாணவராக உட்காருவார். வகுப்பு எடுக்கும் சிஸ்டர் ரெக்ஸலினுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. சிஸ்டர் அவரைக் கேலி செய்யாத வாரமும் கிடையாது.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் காலை. கோயிலுக்குப் பின்னால் இருவரும் போன வருடத்துக் குருத்தோலைகளை ஓர் இரும்புச் சட்டியில் எரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் எல்லார் நெற்றியிலும் பூசும் சாம்பல் அதிலிருந்துதான் வரும். வருடம் முழுக்க வீட்டுச் சாமி சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஓலைகளை ஊரார் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். உபதேசியாரும் தன் வீட்டு ஓலைகளைக் கொண்டுவந்திருந்தார்.

அவற்றில் ஒன்று மட்டும் சிலுவையாகப் பின்னியிருந்தது. சிஸ்டர் அதை எடுத்துப் பார்த்தார்.

"இது யார் பின்னினது?"

"என் மக பெனிட்டா. கம்ப்யூட்டர் மேசையில ஒட்டி வச்சிருந்தா. பிய்ச்சு எடுத்துட்டு வந்துட்டேன்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"எங்க கேக்கறது? பேசியே ஒரு மாசமாச்சு."

சிஸ்டர் அந்த ஓலையைச் சட்டியில் போடவில்லை.

உபதேசியார் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"இந்தக் காலத்துல பிள்ளைங்களை விசுவாசத்துல எப்படி சிஸ்டர் பிடிச்சு நிறுத்தறது?"

"முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"வீட்டுல இருந்துதான் வேலை பார்க்கிறா. சரியா செபமாலை நேரத்துல அவளுக்கு மீட்டிங். ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு கதவைச் சாத்திக்குவா. எல்லாம் முடிஞ்ச பிறகு வெளிய வந்து, 'தோத்திரம்பா'ன்னு நெத்தியைக் காட்டுவா."

இரவுச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் தோத்திரம் சொல்வதும், பெற்றவர்கள் கட்டைவிரலால் அவர்கள் நெற்றியில் சிலுவை வரைவதும் எங்கள் வீடுகளில் வழக்கம்.

"நீங்க போட்டீங்களா?"

"செபத்துக்கு உட்காராதவளுக்கு என்ன சிலுவைன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன். நாலஞ்சு நாள் வந்து நின்னா. அப்புறம் வர்றதை விட்டுட்டா."

"இப்ப?"

"இன்னைக்குச் சாயங்காலம் பெங்களூர் பஸ். இனிமே அங்கதான் ஆபீஸ். நான் நெத்தியைத் தொடாமலே கிளம்பிடுவா. மனசு கிடந்து அடிச்சுக்குது சிஸ்டர்."

"போட்டு அனுப்ப வேண்டியதுதானே?"

"அதெப்படி? செபம் வேண்டாம், சிலுவை மட்டும் வேணுமா? அப்புறம் ஊர்ல யாருக்கு நான் புத்தி சொல்ல முடியும்? அவ வந்து ஒரு வார்த்தை, தப்புதான்பான்னு சொல்லட்டும்."

"நல்லா சொல்லுவா. உங்க பிடிவாதம் அவளுக்கு மட்டும் இருக்காதாக்கும்."

உபதேசியார் சட்டியின் ஓரத்தில் ஆறிக் கிடந்த கொஞ்சம் கரியை எடுத்து, நன்றாக எரிந்துவிட்டதா என்று விரல்களால் நொறுக்கிப் பார்த்தார்.

சிஸ்டர் கேட்டார்: "அவளோட ஞானஸ்நானம் ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?"

"சாமியார் அவ நெத்தியில சிலுவை போட்டுட்டு, அடுத்து யாரைப் போடச் சொன்னார்?"

"என்னையும் அவ அம்மாவையும்தான். நான்தான் முதல்ல போட்டேன்."

"அப்ப அவ என்ன பண்ணிக்கிட்டு இருந்தா?"

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வீல்னு கத்திக்கிட்டு இருந்தா. கோயிலே திரும்பிப் பார்த்துச்சு."

சிஸ்டர் பின்னிய ஓலையை அவர் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கு அவ செபமாலை சொல்லி முடிச்ச பிறகா நெத்தியில சிலுவை போட்டீங்க?"

உபதேசியாரின் சிரிப்பு நின்றது. கரி படிந்த கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே தன் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.