அளவு ஜாக்கெட்

உலகம்மையிடம் சீடராகச் சேர்ந்தபோது ஆவுடையப்பனுக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு நாற்பத்தெட்டு. குரு என்றதும் மடமும் காவியும் தேட வேண்டாம். தென்காசிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கும் கடை அவருடையது. கிழிந்த பாவாடையோடு வருகிறவர்களும் உண்டு, பெரிய பெரிய கேள்விகளோடு வருகிறவர்களும் உண்டு. இரு தரப்பையும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வைப்பார்.

ஆவுடையப்பன் முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக நிலம் அளந்தவர். அவர் சங்கிலி பிடித்துச் சொன்ன எல்லையை எந்தக் கோர்ட்டும் மாற்றியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்காக. சேர்ந்து எட்டு மாதமாகிறது. ஹூக் கட்டுவார், காஜா எடுப்பார், சாயங்காலமானால் ஒரே கேள்வி கேட்பார்.

"எனக்கு எப்பம்மா உபதேசம்?"

அன்று உலகம்மை துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

"தங்கச்சி வீட்டுல விசேஷம் ஐயா. மூணு நாள் கடையைப் பாத்துக்கிடுங்க. தைச்சதெல்லாம் அலமாரியில இருக்கு. வாரவங்களுக்கு எடுத்துக் குடுங்க. வந்து உபதேசம் தாரேன்."

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு மாதமாகக் காத்துக் கிடந்தது மூன்று நாளில் கைக்கு வரப்போகிறது. கடையை மட்டும் ஒரு குறை சொல்ல விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் நாள் காலையிலேயே முப்பிடாதி வந்தாள். கீரைக்காரி முதல் பால்காரர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளத் தனக்கொரு பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாள். வாங்கிக்கொண்டு போனவள் அரை மணி நேரத்தில் திரும்பினாள்.

"தோள் இறங்குது. இடுப்புல ரெண்டு பேரு நுழையலாம். இது ஒரு தையலா?"

ஆவுடையப்பன் பதறவில்லை. இந்த மாதிரி ஆட்களை வரப்பில் நின்று பார்த்தவர் அவர். அளவுக்காக அவள் கொடுத்திருந்த பழைய ஜாக்கெட் அலமாரியிலேயே இருந்தது. அதை எடுத்து மேசையில் விரித்தார். அதன்மேல் புதியதை விரித்தார். ஒரு நூல் பிசகவில்லை.

"நீங்க குடுத்த அளவு ஜாக்கெட்டுதான். நீங்களே பாருங்க."

மறுநாளும் வந்தாள். அவர் டேப்பை எடுத்துத் தோள், கை, மார்பு, இடுப்பு என்று இரண்டு ஜாக்கெட்டையும் அளந்தார். நோட்டில் எழுதி, 'அளவு சரி' என்று அடியில் கையெழுத்தும் போட்டார். பழைய பழக்கம்.

மூன்றாம் நாள் கடையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள். முப்பிடாதி கையை ஓங்கிக் கத்தினாள்.

"மனுசி போட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன், நீரு நோட்டைக் காட்டுதீரே!"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. உங்க ஜாக்கெட்டுதான் சொல்லுது."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். முப்பிடாதி புது ஜாக்கெட்டை மேசைமேல் எறிந்துவிட்டுப் போனாள். ஆவுடையப்பன் அன்று மத்தியானம் ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

நாலாம் நாள் உலகம்மை திரும்பினார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆவுடையப்பன் நடந்ததையெல்லாம் ஒப்பித்து நோட்டையும் நீட்டிவிட்டார். உலகம்மை இரண்டு ஜாக்கெட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்.

"சரியாத்தான் அளந்திருக்கிய."

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து முப்பிடாதியே வந்தாள். துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்தாளாம். தெருவுக்கே கேட்கும்படி அதைச் சொல்லிக்கொண்டு படியேறினாள். முந்தின நாள் சிரித்த பெண்களில் இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள்.

உலகம்மை எழுந்து நின்றார். அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார்.

"வெட்டுனது நான். தப்பு என்னோடதுதான்க்கா. பத்து நிமிசம் உக்காருங்க."

முப்பிடாதி திறந்த வாயை மூடாமலே உட்கார்ந்தாள். வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த சண்டையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் இருந்த பெண்கள் இப்போது ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அவருக்குக் காது சூடாகிவிட்டது.

உலகம்மை டேப்பைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தார். தோளிலும் ஒரு விரல் அளவு. முப்பிடாதி திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தாள். வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"இனிமேலாவது ஒழுங்காத் தையுங்க."

சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பெஞ்சு காலியாகும்வரை ஆவுடையப்பன் பொறுத்தார்.

"அம்மா, நம்ம தையல்ல தப்பே இல்லையே?"

"இல்ல."

"பிறகு?"

"அவங்க மோதிரத்தைப் பாத்தியளா?"

"இல்ல."

"கழண்டு விழாம இருக்க நூல் சுத்தியிருக்காங்க."

முந்தின நாள் அவள் கையை ஓங்கியபோது வளையல்கள் முழங்கைவரை சரிந்து இறங்கியது அவருக்கு ஞாபகம் வந்தது. அப்போது அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். மூன்று நாளும் எதிரே நின்றவளின் முகத்தை நினைத்துப் பார்த்தார். ஜாக்கெட்தான் நினைவுக்கு வந்தது.

"மெலிஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஏன் மெலிஞ்சேன்னு கேப்பாங்க. நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் முப்பத்தைந்து வருஷ சர்வேயர் அவ்வளவு லேசில் விடுவாரா?

"அதுக்காக நாலு பேரு முன்னால தப்புன்னு ஒத்துக்கிட்டியளே. கடை பேரு என்னாகும்?"

"கடை தாங்கும் ஐயா."

உலகம்மை மெஷினில் உட்கார்ந்து அடுத்த துணியை எடுத்துக்கொண்டார். ஆவுடையப்பன் நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, எட்டு மாதக் கேள்வியை எடுத்தார்.

"வந்து உபதேசம் தாரேன்னு சொன்னியளே அம்மா."

உலகம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"முப்பிடாதிகிட்ட சொன்னேனே. நீங்களும் பக்கத்துலதான நின்னிய?"