மிஞ்சக் கூடாத நாடு

"சொன்னியா இல்லையா? வாயைத் திற!"

"சொன்னேன் சாமி! பணியாரத்தைத்தானே சொன்னேன், உங்க பதவியையா சொன்னேன்?"

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் வம்பு வரும் என்பதால் பேர் சொல்லாமல் விடப்படும் ஒரு நாட்டில், அரசவையே அதிர இந்தச் சண்டை நடந்தது. அதட்டியவர் அமைச்சர் பேரருளாளர். அருளுக்கும் அவருக்கும் எவ்வளவு தூரம் என்பது ஊருக்கே தெரியும். அழுதவள் சந்தையில் பணியாரம் சுடும் காத்தாயி. "என் பணியாரம் மத்த கடை எல்லாத்தையும் மிஞ்சிடுச்சு" என்று கூவி விற்றாள். குற்றம் அவ்வளவுதான். தண்டனை? பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டே வெளியேற வேண்டும்! கேட்டவர்கள் வாயில் வைத்த கையை எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். போன மாதம் மன்னர், "நம் விகடகவி மாசிலான் பேச்சில் அவையோர் எல்லாரையும் மிஞ்சிவிட்டான்" என்று சொல்லிவிட்டார். பேரருளாளருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டுச் சமையல்காரியே சொன்ன சேதி. நான்காம் நாள் மன்னரின் காதைக் கடித்தார்.

"வேந்தே, ஒரு முழம் முந்தினால் அது வெறும் வெற்றி. இரண்டாமவன் எட்டிப் பிடிக்கவே முடியாத தூரம் போனால்தான் மிஞ்சுவது. அப்பேர்ப்பட்ட சொல்லைக் கண்டவனுக்கும் தரலாமா?"

மன்னர் குளிர்ந்துபோனார். 'மிஞ்சியவர் என்று இனி மன்னரை மட்டுமே சொல்ல வேண்டும்' என்று ஆணை பிறந்தது. அதில் முதலில் மாட்டியவள் காத்தாயி.

மாசிலான் எழுந்தான். "அரசே, ஆணை அருமை. ஆனால் இன்று பிற்பகல் அறுவடை விழாப் போட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வென்றவரை, 'எல்லாரையும் மிஞ்சியவர் இன்னார்' என்று முரசறைந்து மும்முறை கூவுவது நம் நாட்டு வழக்கம். அங்கே யார் பேரைக் கூவுவது?"

"இதென்ன கேள்வி? மன்னர் பேரைத்தான்!" என்று முந்திக்கொண்டார் பேரருளாளர்.

மன்னர் மீசையைத் தடவினார். "அப்படியே ஆகட்டும்."

"அப்படியானால் இந்த அம்மாளும் விழா முடியும்வரை இருக்கட்டும், அரசே. ஆணை நடக்கும் அழகைப் பார்த்துவிட்டே போகட்டும்."

பிற்பகல் மைதானம் நிரம்பியது. மன்னர் பக்கத்தில் அரசி. அரசிக்குப் பக்கத்தில், மகளைப் பார்க்க வந்திருந்த அவள் தாயார். முரசு முழங்கியது.

"மல்யுத்தத்தில் எல்லாரையும் மிஞ்சியவர் நம் மன்னர்!"

உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத மன்னர், பெருமையாகத் தலையசைத்தார்.

"கூழ் குடிப்பதில் எல்லாரையும் மிஞ்சியவர் நம் மன்னர்! பத்தொன்பது கலயம்!"

மன்னரின் தலை அசைவது நின்றது.

"குறட்டை விடுவதில் எல்லாரையும் மிஞ்சியவர் நம் மன்னர்!"

"இது மட்டும் நிஜம்" என்றாள் அரசி.

அடுத்தது பொய் சொல்லும் போட்டி. வென்றவன் சாத்தையன் என்ற ஊர்சுற்றி. கூவப்பட்டதோ மன்னர் பேர். யாருக்கும் சிரிக்கவும் துணிச்சல் இல்லை. அதற்கும் அடுத்தது, பெண்கள் பாடும் ஏச்சுப்பாட்டு.

"மாமியாரை ஏசுவதில் எல்லாரையும் மிஞ்சியவர் நம் மன்னர்!"

அரசியின் தாயார் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "மாப்பிள்ளை! என்னையா?"

மன்னருக்கு முகம் வெளிறிவிட்டது. "அத்தை, நான் வாயே திறக்கவில்லை!"

"அதை நான் நம்ப வேண்டுமாக்கும்? பொய்யிலும் நீர்தான் என்று இப்போதுதானே மும்முறை கூவினார்கள்!"

முரசறைவோன் மறுபடி கோலை ஓங்கினான். "கழுதைபோல் கத்துவதில்..."

"நிறுத்து!" மன்னர் துள்ளி எழுந்தார்.

"ஆணை இருக்கிறதே, அரசே" என்றான் மாசிலான் பணிவாக.

"ஆணை ஒழிந்தது! அவரவர் மிஞ்சியதை அவரவரே வைத்துக்கொள்ளட்டும்!"

"காத்தாயி?"

"கடைக்குப் போகட்டும். போகும்போது என் அத்தைக்கு ஒரு தட்டுப் பணியாரம் கொடுத்துவிட்டுப் போகட்டும்."

நான்காவது பணியாரத்தில் மாமியார் முகம் தெளிந்தது. ஐந்தாவதில் சிரித்துவிட்டார். அதைப் பார்த்த பிறகே மன்னருக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலான் கழுத்தில் போட்டார்.

பேரருளாளர் அதன்பின் அவைப்பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றே மாதத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை யார் என்கிறீர்கள்? சாத்தையன்! பொய்ப் போட்டியில் வென்றும் பேர் கூவப்படாமல் போன அதே ஊர்சுற்றி! ஏழு ஊருக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிப் பெண் எடுத்திருக்கிறான். மகள் விவரமானவள், எல்லாம் தெரிந்தே கழுத்தை நீட்டினாள். புருஷனும் பெண்டாட்டியும் துறைமுகப் பட்டினத்தில் சௌக்கியமாக இருக்கிறார்களாம். மாமனார்தான் பாவம். மருமகன் ஊரிலேயே காலம் தள்ளலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர், அந்த ஏழு ஊருக்கும் வழி கேட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறார் என்று கேள்வி.