எருமை அடிச்ச முதல் டபுள்ஸ்

அந்தக் காலத்துல ஆடு மாடுல இருந்து நண்டு நத்தை வரைக்கும் எல்லாத்துக்கும் பேச்சு இருந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் ஏத்திக்கிட்டுப் போற பழக்கம் மட்டும்தான் இல்ல. அவங்கவங்க காலு, அவங்கவங்க பாடு. "கொஞ்ச தூரம் கொண்டுபோய் விடுறியா?"ன்னு யாரும் கேட்டதும் இல்ல, கேக்கலாம்னு தோணுனதும் இல்ல.

அப்போ அங்காயின்னு ஒரு எருமை. ரொம்ப நிதானமான ஆளு. "போலாமா?"ன்னு காலையில கேட்டா, மத்தியானம் தலையைத் திருப்பி "எங்க?"ன்னு கேப்பா. அவளுக்கு ஒரே ஒரு குறை. முதுகு நடுவுல அரிக்கும். வாலும் எட்டாது, கொம்பும் எட்டாது. மரத்துல தேச்சுக்கிட்டா மரம் சாஞ்சிடும்.

அந்தக் கோடையில அவங்க ஏரி வத்திப்போச்சு. மேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரியில தண்ணி கிடக்குன்னு மொத்தக் கூட்டமும் விடியும்போதே கிளம்பிடுச்சு. அங்காயி அசை போட்டு முடிச்சு எந்திரிச்சுப் பாத்தா, ஒருத்தரையும் காணோம்.

ஒரே ஒரு கொக்கு மட்டும் காஞ்ச சேத்துல நின்னுச்சு. பேரு சன்னாசி. பருந்து அடிச்சதுல ஒரு பக்கத்து இறக்கை மடங்கிப்போய், அவன் கூட்டமும் அவனை விட்டுட்டுப் பறந்து போயிடுச்சு. கொஞ்சம் தள்ளி முள்ளுப் புதர்கிட்ட ஒரு நரி உக்காந்திருந்துச்சு. "எனக்கொண்ணும் அவசரமில்லண்ணே, பொழுது சாயட்டும்"னு சன்னாசிகிட்ட ரொம்ப மரியாதையா சொல்லிட்டிருந்துச்சு.

"என்னய்யா இன்னும் நிக்கிற?"ன்னா அங்காயி.

"இறக்கை வரலக்கா."

"நடந்து வா."

"இதைப் பாத்தா நடக்குற காலாக்கா தெரியுது உனக்கு?"

அங்காயி பாத்தா. ஈர்க்குச்சியை நட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு. யோசிச்சா. அவ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நரி கொட்டாவி விட்டு, காதைச் சொறிஞ்சு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எந்திரிச்சிடுச்சு.

"ஏறு"ன்னா.

"எதுல?"

"என் மேலதான். வேற யாரு இருக்கா இங்க?"

சன்னாசி தன் வெள்ளைச் சட்டையைப் பாத்தான். அவ முதுகுல அப்பியிருந்த சேத்தைப் பாத்தான். "கறை படும்க்கா."

"நரி வயித்துக்குள்ள கறை படாதா?"

ஏறிட்டான்.

அதுதான்யா முதல் டபுள்ஸ். அந்த வார்த்தை அப்போ கிடையாது. அது பிற்பாடு வெள்ளைக்காரன் கப்பல்ல வந்து இறங்குனது. அவன் ஊர்ல டபுளுன்னா ரெண்டு மடங்கு, அவ்வளவுதானாம். நம்மாளு அதை டீக்கடையில டபுள் ஸ்ட்ராங்காக்கி, கட்டில்கடையில டபுள் காட்டாக்கி, கடைசியா ஒரு 'ஸ்' ஒட்டி சைக்கிள் கேரியர்ல உக்கார வெச்சான். வார்த்தை கப்பல்ல வந்துச்சு. விஷயம் நம்ம எருமையோடது.

கொஞ்ச தூரம் போனதும் அங்காயி கத்துனா. "ஏய், என்னடா முதுகுல குத்துற?"

"பசிக்குதுக்கா. இங்க ஒரு உண்ணி இருந்துச்சு. எடுத்தது தப்பா?"

அங்காயி அப்படியே நின்னுட்டா. பொறந்ததுல இருந்து அரிச்ச இடம். கண்ணு ரெண்டும் சொருகிப்போச்சு.

"தப்பில்ல. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பாரு."

வழியில காத்தான்னு ஒரு காக்கா கேக்காமலே வந்து வாலுக்கு மேல உக்காந்துக்கிச்சு. "தள்ளி உக்காருப்பா கொக்கு. நல்லா அகலமாத்தானே இருக்கு?"

மூணு பேரும் மேட்டுக்கு வந்து சேரும்போது பொழுது இறங்கிடுச்சு. மேடெல்லாம் அந்தப் பக்கத்து ஏரித் தண்ணி கசிஞ்சு, களிமண்ணு வெண்ணெயா வழுக்குது. அங்காயி காலை வெச்சா, சறுக்குச்சு. மறுபடி வெச்சா, முட்டி போட்டு விழுந்தா. பின்னாடியே வந்த நரி நல்லா நெருங்கி, நாக்கால மூக்கைத் துடைச்சுக்கிச்சு.

"என்னம்மா, நின்னுட்ட? ஓட்டு ஓட்டு!"ன்னுச்சு காக்கா.

அங்காயிக்கு மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்துச்சு. சன்னாசி குனிஞ்சு அவ முட்டியைப் பாத்தான், திரும்பி நரியைப் பாத்தான், பொத்துனு கீழ குதிச்சுட்டான்.

"கூறு கெட்டவனே, மேல ஏறு! நரி நிக்குது!"

"நிக்கட்டும்க்கா. நான் தள்ளுறேன்."

அலகை அவ பின்பக்கத்துல முட்டுக்கொடுத்தான். ஈர்க்குச்சிக் கால் ரெண்டும் களிமண்ணுல ஆளுக்கொரு பக்கம் போக, "ஐலசா!"ன்னு ஒரு சத்தம் போட்டான் பாருங்க. அங்காயி கழுத்தைத் திருப்பிப் பாத்தா.

"நீ... நீயாடா... என்னைத் தள்ளுற?"

சிரிப்பு வந்துடுச்சு. எருமைச் சிரிப்பு சும்மாவா? தொப்பை குலுங்குச்சு, திமில் இல்லாத முதுகு குலுங்குச்சு. காக்கா தலைகீழா விழுந்துச்சு. கொக்கு எருமையைத் தள்ளுறதைப் பாத்து வாயைப் பொளந்து நின்ன நரிக்கு, அவ உதைச்ச உதையில வாய் நிறைய களிமண்ணு. அந்தச் சிரிப்போட வேகத்துலயே அங்காயி மேட்டு உச்சிக்கு வந்துட்டா. பின்னாடியே சன்னாசியும் மூச்சு வாங்கிக்கிட்டு வந்தான். "பாத்தியாக்கா, ஏத்திட்டேன்ல!"

"ஆமாய்யா, நீதான் ஏத்துன"ன்னா அங்காயி. சத்தியமா அதைத்தான் நம்புனா.

கொஞ்ச நாள்ல இறக்கை கூடிடுச்சு. கொக்குக் கூட்டம் வந்து, "வாடா, பறக்கலாம்"னு கூப்பிட்டுச்சு. அங்காயி வேற பக்கம் திரும்பி, புல்லே இல்லாத இடத்துல மேயுற மாதிரி நடிச்சா. முதுகு அதுக்குள்ள அரிக்க ஆரம்பிச்சிடுச்சு.

"நீங்க போங்கப்பா, எனக்கு ஆளு இருக்கு"ன்னான் சன்னாசி. ஒரு எட்டுல ஏறி உக்காந்தான். "எந்தப் பக்கம்க்கா?"

"இடது"ன்னா அங்காயி.

அன்னையிலிருந்துதான் உண்ணிக்கொக்கு எருமை மேல சவாரி போறதும், அப்பப்போ இறங்கி அது கால் பக்கத்துலயே நடக்குறதும். அன்னையிலிருந்துதான் டபுள்ஸ்ல பின்னாடி உக்காந்தவன் மேட்டைக் கண்டா யாரும் சொல்லாமலே குதிச்சுத் தள்ளுறதும், அவன் எவ்வளவு நோஞ்சானா இருந்தாலும், அந்தத் தள்ளுலதான் வண்டி ஏறுச்சுன்னு முன்னாடி மிதிக்கிறவன் மனசார நம்புறதும்.