தோள் பத்தாத பட்டுச் சட்டை

முசிறியில் ஆற்றுக்குப் போகும் சாலையில் ஓர் ஆசிரமம் இருந்தது. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. முன்பக்கம் ஒரு கடை, பின்பக்கம் நான்கு அறைகள். கடையை ஊர்க்காரர்கள் பழசுக்கடை என்றார்கள். வீடுகளில் இனி வேண்டாம் என்று ஒதுக்கிய துணி, பாத்திரம், பை, செருப்பு எல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றைத் துவைத்து, தைத்து, துடைத்து, சின்ன விலைக்கு விற்பார்கள். அங்கிருந்த ஆறு பேருக்கும் அதில்தான் சோறு.

குருவின் பெயர் திலகவதி. வயது நாற்பத்து நாலு. துறவுக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். ஒரு துணியைக் கையில் எடுத்தால் அதில் எங்கே நூல் விட்டிருக்கிறது என்று விரலே சொல்லிவிடும்.

சீடர் வேதரத்தினத்துக்கு அறுபத்தொரு வயது. பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த மறு வருடம், மூன்று பெட்டிகளோடு ஆசிரமத்துக்கு வந்தார். மூன்றையும் கடைக்கே கொடுத்துவிட்டு குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மா, என் வாழ்நாளில் நிறையக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 'நான் கொடுத்தேன்' என்பது மட்டும் என்னோடு தங்கிவிடுகிறது. அது தங்காமல் கொடுப்பது எப்படி?"

குரு சட்டைகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் ஹேங்கர்ல மாட்டுங்க, ஐயா," என்றார்.

வேதரத்தினம் மாட்டினார். அன்றிலிருந்து நான்கு மாதம் அதுதான் அவர் வேலை.

கடைக்கு வழக்கமாக வருகிறவர்களில் செங்கமலம் என்று ஒருத்தி. ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவள். புருஷன் தங்கராசு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். செங்கமலம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்புவாள். கழுத்துப்பட்டியை மடித்துப் பார்ப்பாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவாள்.

"இதுல காலர் நைஞ்சிருக்கே."

"நையலை. அது தையல்," என்பார் குரு.

"இருபது ரூவாயா இதுக்கு? பத்து."

"பதினெட்டு."

"பாக்கெட் ஓரத்துல கறை வேற. பன்னெண்டு."

"கறை போயிரும். பதினஞ்சு. அதுக்குக் கீழ இல்லை."

செங்கமலம் சட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போவதுபோல் இரண்டடி நடப்பாள். குரு கூப்பிட மாட்டார். அவளே திரும்பி வந்து பதினைந்து ரூபாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவாள்.

வேதரத்தினத்துக்கு இதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் கேட்டார்.

"அம்மா, இந்தச் சட்டை நமக்குச் சும்மா வந்தது."

"ஆமா."

"அந்த அம்மா ஏழை."

"ஆமா."

"அவரிடம் போய் மூன்று ரூபாய்க்கு வாதாடுகிறோம். சும்மா கொடுத்தால் என்ன?"

குரு கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை கடையை நீங்க பாருங்க. உங்க இஷ்டப்படி நடத்துங்க. நான் பின்னால துவைக்கிறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வேதரத்தினம் ஓர் அட்டையில் 'இன்று எல்லாம் இனாம்' என்று எழுதி வாசலில் மாட்டினார்.

அரை மணி நேரத்தில் செய்தி பரவிவிட்டது. முன்பின் பார்க்காத ஆட்கள் வந்தார்கள். ஒருவர் சாக்கோடு வந்தார். ஒருவர் ஒரே மாதிரி நான்கு குக்கர் மூடிகளை எடுத்துக்கொண்டு போனார். யாரும் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு பெண்கள் ஒரு போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வேதரத்தினம் நடுவில் நின்று, "எல்லாருக்கும் இருக்கிறது, எல்லாருக்கும் இருக்கிறது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு ஹேங்கர்கள் மட்டும் இருந்தன.

ஒன்றை மட்டும் அவர் மேசைக்கு அடியில் வைத்திருந்தார். அவர் கொண்டுவந்த பெட்டியில் இருந்து, இன்னும் விற்காமல் தொங்கிய சந்தன நிறப் பட்டுச் சட்டை. மகன் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை போட்டது. போன வாரம் செங்கமலம் குருவிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. மகளுக்குப் பூ வைக்க, இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தங்கராசுவிடம் சபையில் உட்காருகிற மாதிரி ஒரு சட்டை இல்லை.

செங்கமலம் மெஸ் வேலையை முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். அட்டையைப் பார்த்ததும் சாலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

வேதரத்தினம் சட்டையை எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போனார்.

"உங்கள் வீட்டுக்காரருக்கு. என்னுடைய சட்டை இது. ஒரு தடவைதான் போட்டேன். வைத்துக்கொள்ளுங்கள்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். பிரிக்கவில்லை.

"நீங்க நல்லா இருக்கணும் சாமி," என்று கும்பிட்டாள்.

மத்தியானம் வேதரத்தினம் குருவிடம் நடந்ததைச் சொன்னார். சாக்குக்காரரைச் சொல்லும்போது குரல் இறங்கியது. பட்டுச் சட்டையைச் சொல்லும்போது ஏறியது. குரு துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"பிரிச்சுப் பார்த்தாங்களா?"

"இல்லை."

"சரி," என்றார் குரு. பிழிந்த வேட்டியின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். இருவரும் உதறிக் காயப்போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை செங்கமலம் வந்தாள். கையில் ஒரு கவர். உள்ளே அந்தச் சட்டை, துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

"இதைக் கடையில வெச்சுக்குங்க சாமி. யாருக்காவது ஆகும்."

"ஏனம்மா? பிடிக்கவில்லையா?"

"சே சே. சட்டை ராஜா மாதிரி இருக்கு."

"பிறகு?"

செங்கமலம் வாசலைப் பார்த்தாள். "அவருக்குத் தோள் பத்தலைங்க. மூட்டை தூக்குற உடம்பு. கையை நுழைச்சதுமே முதுகுப் பக்கம் கிழியிற மாதிரி சத்தம் கேட்டுச்சு. கழட்டிட்டோம்."

"என் அளவு என்று பார்த்தாலே தெரியுமே. நீங்கள் எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறவர். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது? நீங்க ரோட்டைத் தாண்டி வந்து கையில குடுத்தீங்க. சும்மா குடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நொட்டை சொன்னா நல்லாவா இருக்கும்?"

வேதரத்தினம் கவரை வாங்கி மேசைமேல் வைத்தார். செங்கமலம் கடைக்குள் பார்த்தாள். நான்கு நாளில் கொஞ்சம் துணி வந்திருந்தது. குழந்தைகள் உடுப்பு, இரண்டு சுடிதார், ஒரு மழைக்கோட்டு. தங்கராசுவின் தோளுக்கு ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த மூலையில ஒரு வெள்ளைச் சட்டை தொங்கிக்கிட்டிருந்துச்சு," என்றாள். "பெருசு. நான் பார்த்து வெச்சிருந்தேன். வந்து பேசி வாங்கிக்கலாம்னு இருந்தேன்."

"அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை," என்றார் வேதரத்தினம்.

"இனாமுன்னா போயிரும்தான்," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். கோபமாகச் சொல்லவில்லை.

பட்டுச் சட்டையைக் குரு மறுபடி ஹேங்கரில் மாட்டி விலை எழுதினார். அன்று சாயங்காலமே பேண்டு வாத்தியம் வாசிக்கும் ஓர் இளைஞன் வந்தான். போட்டுப் பார்த்தான். "கலர் கொஞ்சம் மங்கல்," என்றான். குரு பத்து ரூபாய் குறைத்தார். வேதரத்தினம்தான் அதை மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை அவர் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே, ஐயா?" என்றார் குரு.

"சட்டை கேட்க."

குரு தலையை ஆட்டினார்.

வேதரத்தினம் அதுவரை எந்த வீட்டு வாசலிலும் போய் எதையும் கேட்டதில்லை. முதல் தெருவில் மூன்று வீடுகளைச் சும்மா தாண்டிப் போனார். நான்காவது வீட்டில் அழைப்பு மணியை அமுக்கினார். ஓர் அம்மாள் கிரில் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். பழசுக்கடையிலிருந்து வருகிறேன், பெரிய அளவு ஆண் சட்டை ஏதாவது இருந்தால், என்று வேதரத்தினம் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து கிரில் மேலாகக் கொடுத்தார்.

"கொண்டு போங்க. ரொம்ப நாளா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு."

"இல்லை அம்மா, நான் கேட்டது..."

"பரவாயில்லை, கொண்டு போங்க. புண்ணியமாப் போகட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. தெருமுனையில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். பூசணம் பிடித்த ஒரு போர்வை, எலாஸ்டிக் விட்ட இரண்டு டிராயர், ஒரு கால் செருப்பு.

அன்று பதினோரு வீடு ஏறி இறங்கினார். சாயங்காலம் மூட்டைகளைக் குருவின் முன்னால் இறக்கினார்.

"இதையெல்லாம் யாரும் போட முடியாது," என்றார்.

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்வது? கையில் கொடுத்துவிட்டார்கள்."

சொன்ன பிறகு அவரே நிறுத்தினார். குரு அந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக் குப்பைப் பக்கம் போட்டார்.

வியாழக்கிழமையும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரி முன்னால் நின்றார். கல்லாவில் இருந்த கபூர் பாய் நல்ல ஆகிருதி. முதலில் ஆளைத்தான் பார்த்தார் வேதரத்தினம். பிறகு உள்ளே போனார்.

"பாய், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் சட்டை அளவு என்ன?"

"நாப்பத்து நாலு. எதுக்கு சார்?"

"பழசுக்கடையிலிருந்து வருகிறேன். உங்கள் அளவில் ஒரு சட்டை வேண்டும்."

"யாராவது இல்லாதவங்களுக்கா? வீட்ல ரெண்டு பழசு கிடக்கும். பையனை விட்டு அனுப்பச் சொல்றேன்."

வேதரத்தினம் மறுத்துத் தலையசைத்தார். "சும்மா கொடுப்பதற்கு இல்லை, பாய். விற்பதற்கு. ஒரு அம்மா வந்து வாங்குவார்."

"விக்கிறதுக்கா?"

"ஆமாம். காலரை மடித்துப் பார்ப்பார். தையலைப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டுப் போய்விடுவார்."

கபூர் பாய் கல்லாவை மூடினார்.

"அப்போ அந்த ரெண்டும் ஆகாது," என்றார். "இருங்க, நானே போய் எடுத்துட்டு வர்றேன்."

கால் மணி நேரத்தில் வந்தார். வெள்ளைப் பருத்திச் சட்டை. போன பெருநாளைக்குத் தைத்ததாம்.

"நல்லாப் பார்த்துக்குங்க," என்று பிரித்துக் காட்டினார். வேதரத்தினம் காலரை மடித்துப் பார்த்தார். நான்கு மாதத்தில் அவருக்கே அது பழகியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் செங்கமலம் வந்தாள். ஹேங்கரில் தொங்கிய வெள்ளைச் சட்டையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஆனால் நேராக அதனிடம் போகவில்லை. சுடிதாரைப் பார்த்தாள், ஒரு தூக்குவாளியைத் தட்டிப் பார்த்தாள், அப்புறம்தான் சட்டைக்கு வந்தாள். எடுத்துத் தோள்பட்டையைச் சாண் போட்டு அளந்தாள். உள்பக்கம் திருப்பினாள்.

குரு ஓரமாக உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

"எவ்வளவு சாமி?"

அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வேதரத்தினத்துக்கு நாக்கு வரை வந்தது. குருவைப் பார்த்தார். குரு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபது," என்றார்.

"அறுபதா? கைப்பக்கம் ஒரு பொத்தானே இல்லை, பாருங்க."

அவர் அதைக் கவனித்திருக்கவில்லை.

"ஐம்பத்தைந்து."

"முப்பது."

"பெருநாளைக்குத் தைத்தது அம்மா. ஐம்பது."

"யார் வீட்டுப் பெருநாளோ. முப்பத்தஞ்சு."

"நாற்பத்தைந்து. அதற்குக் கீழே இல்லை."

செங்கமலம் சட்டையை வைத்துவிட்டு நடந்தாள். ஓரடி, இரண்டடி. வேதரத்தினத்தின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. கூப்பிடாமல் இருப்பது இவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியாது. அவள் படி இறங்கினாள். செருப்பில் ஒரு காலை நுழைத்தாள்.

பிறகு திரும்பி வந்தாள்.

"நாப்பது. பொத்தானை நீங்க தெச்சுக் குடுக்கணும்."

"சரி."

அவர் தைத்தார். ஊசியில் நூல் கோக்கவே நேரமாயிற்று. இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டார். செங்கமலம் எதிரே நின்று, இழுத்துக் கட்டுங்க, இன்னொரு சுத்து விடுங்க, என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பொத்தானை இழுத்துப் பார்த்தாள். பணத்தை வைத்துவிட்டுச் சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள்.

கடை ஓய்ந்தது. வேதரத்தினம் குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அன்றைக்குக் கொடுத்தது திரும்பி வந்துவிட்டது. இன்றைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, விற்றேன். நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை."

குரு நாடாவை முடிச்சுப் போட்டார்.

"போகும்போது அந்தம்மா கும்பிட்டாங்களா?"

"இல்லை."

"நீங்க நல்லா இருக்கணும்னு சொன்னாங்களா?"

"இல்லை. இனிமேல் பொத்தானையெல்லாம் பார்த்து வைக்கச் சொன்னார்."

"அப்போ குடுத்தாச்சு, ஐயா," என்றார் குரு.